மூன்று மைலுக்கு அப்பால்

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலும் கிழிந்த பனியன் துணி ஒன்றும் இருக்கும். கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவை ஒட்டிய எங்கள் ஊரான கோலீட்டாவில் கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் வீட்டில் இப்படி ஏதாவது ஒரு ஏற்பாடு உண்டு. சிலர் பேபி ஆயில் வைத்திருப்பார்கள், சிலர் ஆலிவ் எண்ணெய். மணலில் வெறுங்காலோடு பத்து நிமிடம் நடந்தால் போதும், உள்ளங்காலில் நாலைந்து கறுப்புத் தார்ப் பொட்டுகள் ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டால் போகாது, இழுவும். எண்ணெயைத் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் முதலில் பழுப்பாகக் கரையும், அப்புறம் துணியோடு வந்துவிடும்.

என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒருநாள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "யாருப்பா இதைக் கொட்டுனது?"

யாரும் கொட்டவில்லை. கோல் ஆயில் பாயிண்ட் என்கிற முனைக்கு எதிரே கடலடித் தரையிலிருந்து கச்சா எண்ணெய் தானாகவே ஊறுகிறது. நாளொன்றுக்கு 100 முதல் 150 பீப்பாய் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கரையின் பூர்வகுடிகளான சூமாஷ் மக்கள் தங்கள் பலகைப் படகுகளின் இடுக்குகளை இந்தத் தாரை வைத்துத்தான் அடைத்தார்கள். அந்தப் படகுக்கு 'தொமோல்' என்று பெயர். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். படகுவரை கேட்டுக்கொண்டாள்.

சாண்டா பார்பரா பக்கம் எண்ணெய் தோண்டுவதைத் தடை செய்யலாமா கூடாதா என்று பேச்செடுத்தால், இந்த ஊற்றுத் தார்தான் முதலில் மேசைக்கு வரும். எனக்குத் தெரிந்த தமிழ் அண்ணன் ஒருவர் பெட்ரோலிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வென்ச்சுரா பக்கம் இருக்கிறார். சந்திக்கும்போதெல்லாம் இதையே சொல்லுவார்.

"தம்பி, கடலே தினம் நூறு பீப்பாய் துப்புது. அதுக்கு யார்கிட்ட போய் தடை வாங்குவீங்க? நாங்க உறிஞ்சி எடுத்தா கீழே அழுத்தம் குறையும், ஊற்றும் குறையும். தோண்டறதுதான் சுத்தம்."

இது அவர் கற்பனை அல்ல. கரையிலிருந்து இரண்டு மைலில், கடலுக்குள் நின்று எண்ணெய் எடுத்த ஹாலி என்ற மேடையைச் சுற்றி, உற்பத்தி நடந்த ஆண்டுகளில் ஊற்றுப் பரப்பு பாதியாகக் குறைந்தது என்று 1999-இல் இங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு, 'ஊற்றை நிறுத்துவோம்' என்ற பொருளில் பெயர் வைத்து, தோண்டுவதற்கு ஆதரவாக ஓர் அமைப்பே கிளம்பியது. ஒரு மேடைக்குப் பக்கத்தில் நடந்ததை வைத்துக்கொண்டு கடல் முழுவதற்கும் மருந்துச் சீட்டு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அதைவிட எளிதான கணக்கு ஒன்று இருக்கிறது. 1969-இல் நடந்த கசிவில் இங்கே கொட்டியது 80,000 முதல் 1,00,000 பீப்பாய் வரை. கடல் தன் வழக்கமான வேகத்தில் அவ்வளவு துப்புவதற்குக் குறைந்தது ஒன்றரை வருஷம் ஆகும். சொட்டுச் சொட்டாக வருவதைத் தின்று செரிக்கப் பழகிய நுண்ணுயிர்கள் அந்தக் கடலில் உண்டு. ஒரே மூச்சில் வருவதை எதுவும் செரிக்காது.

அந்த 1969-ஐச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜனவரி 28. யூனியன் ஆயில் நிறுவனத்தின் 'ஏ' மேடை, கரையிலிருந்து ஆறு மைலுக்குள் நிற்கிறது. கிணற்றுக்குள் இறக்கும் இரும்பு உறை இவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று விதி உண்டு. நிறுவனம் விலக்குக் கேட்டது, மத்திய அரசின் நில ஆய்வுத் துறை கொடுத்தது. உறை 239 அடியோடு நின்றது. துளைத்து முடித்த குழாயை வெளியே இழுக்கும்போது அழுத்தம் பீறிட்டது. மேலே வாயை அடைத்தார்கள். உறையில்லாத இடத்தில் எண்ணெய் பக்கவாட்டில் புகுந்து கடல்தரையைப் பிளந்துகொண்டு வந்தது. கிணற்றின் வாயை அடைக்கலாம், தரையில் விட்ட விரிசலுக்கு எங்கே மூடி? கரையில் வைக்கோலைப் பரப்பி, அது எண்ணெயை உறிஞ்சிய பிறகு கவர்முள்ளால் வாரினார்கள். அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

சில நாட்களிலேயே 'கெட் ஆயில் அவுட்' என்ற இயக்கம் தொடங்கிவிட்டது. முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கூ' என்று வரும். பிசுபிசுப்புக்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். எண்ணெயே வெளியே போ, அவ்வளவுதான் கோரிக்கை. அதிபர் நிக்சன் மார்ச்சில் வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த புத்தாண்டு நாளில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970 ஏப்ரல் 22-இல் முதல் புவி நாள். உலகத்துக்கு இந்தக் கசிவு இவ்வளவையும் கொடுத்தது. ஊர்க்காரர்கள் கேட்ட அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. 'ஏ' மேடை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

ஏன் கிடைக்கவில்லை என்பது நான் இந்த ஊருக்கு வந்து சில வருஷம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. 1953-ஆம் வருஷச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று மைல்வரை கடல்தரை மாநிலத்துக்குச் சொந்தம். அதற்கப்பால் வாஷிங்டனுக்கு. சாண்டா பார்பரா நகரத்துக்கு எதிரே இருந்த மூன்று மைலை 1955-லேயே கலிஃபோர்னியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஒதுக்கிவிட்டது. தடை அப்போதே இருந்தது! 1968-இல் மத்திய அரசு மூன்று மைல் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததை ஏலம் விட்டு 60 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டது. 'ஏ' மேடை நின்றது அந்தப் பக்கத்தில். ஊர் பூட்டு போட்டிருந்தது தன் வீட்டுக் கதவுக்கு, தீப்பிடித்தது பக்கத்து வீட்டில்.

அதனால் கசிவு நடந்த ஒவ்வொரு தடவையும் நகரசபைகள் போடும் தீர்மானங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வருத்தமுமாக இருக்கும். 'இந்தச் சபை கடலில் எண்ணெய் எடுப்பதை வன்மையாக எதிர்க்கிறது.' சரி, எதிர்க்கட்டும். கேட்கிறவன் மூவாயிரம் மைல் தள்ளி இருக்கிறான்.

ஆனால் வடக்கே சாண்டா குரூஸில் யாரோ இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். கடலில் எடுத்த எண்ணெய் கடலிலேயே கிடந்தால் பிரயோஜனம் இல்லை. குழாய் வழியாகக் கரையேற வேண்டும். தண்ணீரையும் வாயுவையும் பிரிக்க ஓர் ஆலை வேண்டும். தொட்டி, லாரி நிறுத்துமிடம், ஆட்களை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் தளம், இத்தனையும் வேண்டும். இவையெல்லாம் நிலத்தில் நிற்பவை. எந்த நிலத்தில் எது கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் நகரத்துக்கு உண்டு. கோழிப்பண்ணைக்கும் பெட்ரோல் பங்குக்கும் அனுமதி கொடுக்கிற அதே அதிகாரம். 1985 நவம்பரில் சாண்டா குரூஸ் வாக்காளர்கள் ஒரு விதியை நிறைவேற்றினார்கள்: கடல் எண்ணெய்க்கான எந்தக் கட்டுமானமும் மக்கள் வாக்கு இல்லாமல் எங்கள் ஊரில் எழக் கூடாது.

பார்த்தால் சாதாரண மனைப்பிரிவு விதி. அதில் கடல் என்ற சொல்லைத் தவிர வீரம் எதுவும் இல்லை. கலிஃபோர்னியக் கரையோரத்தில் 20-க்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இதைப் பார்த்துத் தங்கள் தங்கள் விதியைப் போட்டன. எண்ணெய் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது, வழக்கு நிற்கவில்லை. 2018-இல் வாஷிங்டன் ஏறக்குறைய எல்லாக் கடலையும் திறந்துவிடப் போகிறோம் என்று அறிவித்தபோது, கலிஃபோர்னியா அதே வித்தையை மாநில அளவில் செய்தது. மாநிலத்துக்குச் சொந்தமான மூன்று மைல் வழியாகப் புதிய எண்ணெய்க்காகப் புதிய குழாய் போக அனுமதி கிடையாது என்று இரண்டு சட்டங்கள். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்த செப்டம்பரில் கையெழுத்திட்டார். கடலுக்கு உரிமை கொண்டாட முடியாதவர்கள் கரையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னபோது, "குறுக்குவழி" என்றார். இருக்கட்டும். நேர்வழியில் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தாயிற்றே.

ஊர் எப்போதும் ஒரே மனதாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 2008 கோடையில் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் சாண்டா பார்பரா கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்கள் குழு, அதாவது 1969-இன் அதே ஊர், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் எண்ணெய் எடுப்பதை விரிவாக்கச் சொல்லி ஆளுநருக்குக் கடிதம் எழுத முடிவு செய்தது. அடுத்த தேர்தலில் குழு மாறியது. 2009 ஏப்ரலில் அதே மூன்றுக்கு இரண்டில் முந்தைய முடிவைத் திரும்பப் பெற்றது. நாற்பது வருஷத்துக் கோபமும் ஒரு ஆள் இந்தப் பக்கம் சாய்வதா அந்தப் பக்கம் சாய்வதா என்பதில் வந்து நின்றது.

அதே சமயத்தில் இன்னொரு கூத்து நடந்தது. இந்த ஊர் அரசியலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான். பி.எக்ஸ்.பி. என்ற நிறுவனத்துக்கு வாண்டன்பர்க் விமானப்படைத் தளத்துக்கு எதிரே, மத்திய அரசின் கடலில் ஒரு மேடை இருந்தது. அதிலிருந்து சாய்வாகத் துளைத்தால் மாநிலத்தின் கடல்தரைக்குள் இருக்கும் எண்ணெயை எடுக்கலாம். அதற்கு மாநிலம் புதிய குத்தகை தர வேண்டும்; 1969-க்குப் பிறகு ஒன்றுகூடத் தரப்படவில்லை. நிறுவனம் நேரே எதிரிகளிடம் போனது. உள்ளூர்ச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் அமைப்பும், நம்புங்கள், 'எண்ணெயே வெளியே போ' இயக்கமும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. இதற்கு நீங்கள் ஆதரவு கொடுங்கள், இன்ன வருஷத்தோடு எங்கள் நான்கு மேடைகளையும் மூடிவிடுகிறோம், கரையில் இருக்கிற ஆலையையும் எடுத்துவிடுகிறோம், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் பொதுவுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றது நிறுவனம். 2008-இல் ஒப்பந்தம் முடிந்தது.

தோண்டுவதை எதிர்த்துப் பிறந்த இயக்கம் தோண்டுவதற்குச் சிபாரிசு செய்தது! துரோகம் என்றார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. நாற்பது வருஷம் கத்தியும் மத்திய அரசின் கடலில் ஒரு மேடையைக்கூட எடுக்கவில்லை; இப்போது ஒரு தேதி எழுத்தில் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள். அது எனக்கும் உறுத்தலான விஷயம்தான். ஊர்க் கடலைப் பற்றிய ஒப்பந்தத்தை ஊருக்கே காட்டாவிட்டால் எப்படி?

குத்தகை கொடுப்பது மாநில நில ஆணையத்தின் கையில். மூன்று பேர், அதில் ஒருவர் துணை ஆளுநர் ஜான் கராமெண்டி. 2009 ஜனவரி 29 அன்று, கசிவின் நாற்பதாம் நினைவு நாளுக்கு மறுநாள், இரண்டுக்கு ஒன்று என்று நிராகரித்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது: மேடைகள் நிற்பது மத்திய அரசின் கடலில். நிறுத்தும் தேதிக்கு வாஷிங்டன் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வாக்குறுதியை யார் நிறைவேற்றி வைப்பது? திரும்பவும் அதே மூன்று மைல்.

ஆளுநர் ஷ்வார்ஸ்நெக்கர் விடவில்லை. மாநிலக் கஜானா காலியாக இருந்த வருஷம் அது. அந்தக் குத்தகை உடனடியாகப் 10 கோடி டாலர் முன்பணம் தரும் என்று பட்ஜெட்டில் சேர்த்துப் பார்த்தார், சட்டசபை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் மறுபடி எடுத்தார். 2010 ஏப்ரல் 20-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். தொலைக்காட்சியில் எண்ணெய் பீறிடுவதைப் பார்த்துவிட்டு, மே 3-ஆம் தேதி திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். இங்கே நாற்பது வருஷம் வாதாடி நிறுத்த முடியாததை வேறொரு கடலின் படம் இரண்டே வாரத்தில் நிறுத்தியது. பெட்ரோல் விலை ஏறினால் ஒரு கை உயரும், டிவியில் எண்ணெயில் நனைந்த பறவை வந்தால் இன்னொரு கை. இதன்மேல் சட்டம் கட்டுவதைப் பற்றி யோசித்தால் எனக்குக் கலக்கமாக இருக்கும்.

நாங்கள் இங்கே குடிவந்த பிறகு நடந்தது 2015. மே 19. 101-ஆம் நெடுஞ்சாலையில் மதியம் ரெஃபியூஜியோ கடற்கரைப் பக்கம் காரில் வந்தேன். ஏசியை மீறி உள்ளே வந்த நெடி இன்னும் நினைவிருக்கிறது. புதிதாகத் தார் போட்ட ரோட்டில் நிற்பதுபோல, ஆனால் தொண்டைக்குள். என் வண்டியில்தான் ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்து ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன். மாலையில்தான் செய்தி தெரிந்தது.

கடலில் ஒன்றும் வெடிக்கவில்லை. நெடுஞ்சாலைக்கு மலைப்பக்கத்தில், நிலத்துக்கு அடியில் போகும் 24 அங்குலக் குழாய் ஒன்று. வெளிப்பூச்சுக்கும் காப்புறைக்கும் கீழே துரு தின்று தின்று, சுவர் தகடுபோல் ஆகி ஒருநாள் கிழிந்தது. எண்ணெய் மண்ணுக்கு மேல் வந்து, ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் அடியில் மழைத்தண்ணீர் போக வைத்திருந்த கால்வாயைப் பிடித்து, நேரே கடலில் இறங்கியது. மொத்தம் சுமார் 3,000 பீப்பாய். கவுண்டிக்குள் போகும் மற்றக் குழாய்களில் கசிவு கண்டால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருந்தது, கவுண்டி கேட்டு வாங்கியது. இந்தக் குழாயில் இல்லை. இது மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, கவுண்டிக்கு இதில் கேட்க உரிமையில்லை என்று குழாய் போட்ட நிறுவனம் 1980-களிலேயே வாதாடி விலகிக்கொண்டது. 2018-இல் ஒரு ஜூரி குழாயை நடத்திய நிறுவனத்தைக் குற்றவாளி என்றது.

இங்கேதான் வேடிக்கை. குழாய் மூடப்பட்டதும், அதை நம்பியிருந்த கடல் மேடைகளுக்கு எண்ணெயை அனுப்ப வழியில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தியை நிறுத்தின. எந்த அதிபரும் எந்தச் சட்டசபையும் எந்த ஒப்பந்தமும் 46 வருஷமாக நிறுத்தாத மேடைகளை, நிலத்தில் துருப்பிடித்த ஒரு குழாய் நிறுத்தியது. சாண்டா குரூஸ்காரர்கள் 1985-இல் காகிதத்தில் சொன்னதை இங்கே விபத்து செய்து காட்டியது.

அதனால்தான் இப்போதைய சண்டையும் கடலைப் பற்றியது அல்ல, குழாயைப் பற்றியது. புதிய நிறுவனம் ஒன்று 2024-இல் மேடைகளையும் குழாயையும் வாங்கி, மறுபடி ஓட்டப் பார்த்தது. அனுமதிப் பத்திரங்களைப் பெயர் மாற்றிக் கொடுக்கலாமா என்ற கேள்வி 2025 பிப்ரவரியில் கவுண்டி சூப்பர்வைசர்கள் முன் வந்தது. வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தேன். வேலை வேண்டும் என்றவர்கள் பேசினார்கள், 2015-ஐ மறக்காதவர்கள் பேசினார்கள். இருட்டிய பிறகும் ஓயவில்லை. ஐந்து சூப்பர்வைசர்களில் ஒருவர் விலகிக்கொண்டார். குழாய் அவர் சொந்த நிலத்தின் வழியாகப் போகிறது. மிச்சம் நான்கு பேர். இரண்டுக்கு இரண்டு. முடிவு இல்லை என்பதே முடிவு. என் மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்கா அஞ்சு மணி நேரம்?" என்றாள். ஏப்ரலில் மாநிலக் கடற்கரை ஆணையம், அனுமதி இல்லாமல் குழாயில் வேலை பார்த்ததாக அந்த நிறுவனத்துக்கு 1.8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

தடை கேட்பவர்கள், என்னையும் சேர்த்துத்தான், அவ்வளவாகப் பேசாத ஒரு பகுதி உண்டு. ஹாலி மேடை மாநிலக் கடலிலேயே இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோனால் பாறை முகட்டிலிருந்து தெரியும். 1966-இல் நட்டது. 2015-இல் குழாய் போனதும் அதன் எண்ணெய்க்கும் வழியில்லை. இரண்டு வருஷத்தில் சொந்தக்கார நிறுவனம் திவாலாகி, குத்தகையை மாநிலத்திடம் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டியது. 30 கிணறுகள் திறந்தபடி. சிமென்ட் இறக்கி ஒவ்வொன்றாக அடைக்கும் வேலை மாநிலத்தின் தலையில் விழுந்து வருஷக்கணக்கில் நடந்தது. நிறுத்து என்று சொல்ல ஒரு வாக்கு போதும். நிறுத்தியதை மூடிவைக்க டிரில்லிங் தெரிந்த ஆட்களே வேண்டும், அதாவது அண்ணன் மாதிரி ஆட்கள். குத்தகை கொடுக்கும்போதே மூடுவதற்கான பணத்தை முழுசாக வாங்கி வைக்காவிட்டால் இதுதான் நடக்கும். எந்தத் தடை மசோதாவிலும் நான் முதலில் தேடிப் பார்க்கிற வரி இப்போதெல்லாம் இதுதான்.

போன மாதம் அண்ணனும் நானும் அந்த முகட்டில் நின்றோம். மேடையின் கால்களை என்ன செய்வது என்று அடுத்த விவாதம். முழுக்கப் பிடுங்கு என்பது ஒரு கட்சி. ஐம்பது அறுபது வருஷமாகக் கால்களில் சிப்பியும் கடற்பஞ்சும் படர்ந்து மீன்கள் குடியிருக்கின்றன, தண்ணீருக்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டு என்பது இன்னொரு கட்சி.

"நீங்க எந்தக் கட்சி அண்ணே?" என்றேன்.

"பிடுங்கிடணும்" என்றார் யோசிக்காமல். "போட்டவன் எடுக்கணும். அது தொழில் தர்மம்."

நான் மீன்கள் கட்சி. தோண்டுவதை எதிர்த்தவன் இரும்பை விட்டுவை என்கிறேன், ஆயுசு முழுக்கத் தோண்டியவர் பிடுங்கு என்கிறார். இறங்கி மணலில் கொஞ்சம் நடந்தோம். காரில் ஏறப் போனவர் நின்று, ஒற்றைக் காலைத் தூக்கி ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் கறுப்பாக அப்பியிருந்தது.

"தம்பி, டிக்கியில் தேங்காய் எண்ணெய் வச்சிருக்கீங்களா?"